பூவரசங்கம்பும் பதினான்காம் பிரிவும்

எங்கள் தாபனத்துக்குத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது எழுபத்து நான்காம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு பெட்டிகளில் வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கும்போது ஆறாவது பெட்டி கைதவறி விழுந்துவிட்டது. பொது முகாமையாளர் இராசதுரை அவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிந்திப்போச்சோ?" என்று கேட்டார். சிந்தவில்லை. உள்ளே இருந்தது கடதாசிதான்.

கிழக்குக்கரை அலுமினியம் உருக்கும் கூட்டுத்தாபனத்தில் நான் தட்டெழுத்தாளன். பெயர் சிவகுருநாதன். அங்கே நடந்த எல்லாவற்றையும் நான்கு பிரதிகளில் டைப் அடித்தவன் நான்தான். ஆகவே இதில் பொய் கலக்க எனக்கு வசதி இல்லை.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பனியொன்று தன்னுடைய முறையில் அலுமினியம் உருக்க எங்களுக்கு உரிமம் தந்திருந்தது. ஒப்பந்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினான்காம் பிரிவைத் தவிர வேறு எதையும் யாரும் வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை. அதையும் வாசித்ததற்குக் காரணம் அதன்கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்ததுதான். முறைப்படி கையளிக்கப்படும் வரை இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் அறிந்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது, கையளித்த பின்னரும் பட்டியலில் பெயருள்ளவர்கள் மட்டுமே அறிந்திருக்கலாம் என்றது அந்தப் பிரிவு. பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஐந்து பேரும் மூன்று மாதம் வெளிநாட்டில் பயிற்சி பெற்று, ஆளுக்கொரு கம்பளிச் சட்டையுடன் திரும்பி வந்தவர்கள். அவர்களில் ஒருவரான தொழில்நுட்பப் பரிமாற்ற அதிகாரி பாக்கியரத்தினத்திடம், அங்கே என்ன படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த மண்டபம் சரியான சூடு, சிவகுரு. ஸ்வெற்றரைக் கழட்ட வேண்டி வந்திட்டுது," என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. பதினான்காம் பிரிவு தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கையளிப்பை அமைச்சர் வந்து சுபநேரத்தில் செய்ய வேண்டும். முதல்முறை அமைச்சருக்கு வசதிப்படவில்லை. இரண்டாம்முறை கிரகங்களுக்கு வசதிப்படவில்லை. மூன்றாம்முறை பாராளுமன்றம் கூடிவிட்டது. ஆனால் அமைச்சர் வரும் நாளில் பானை கொதித்துக்கொண்டிருக்க வேண்டுமே. அதற்காக ஹென்றிக் என்ற வெள்ளைக்கார இஞ்சினியர் முன்கூட்டியே வந்து கப்பல்துறை என்ற ஊரில் இருந்த எங்கள் மண்டபத்தில் ஒரேயொரு பானையை மூட்டிவிட்டார். கோப்புகளின்படி அந்தப் பானை இன்னும் தொடங்கப்படவில்லை. பக்கத்தில் போனால் முகம் பொசுங்கும்.

பானை என்றால் சோறு வடிக்கிற பானை அல்ல. மாட்டுவண்டி அளவான இரும்புத்தொட்டி. உள்ளுக்குக் கரி பூசியிருக்கும், மேலிருந்து கரிக்கட்டிகள் தொங்கும், ஊடே மின்சாரம் பாயும். வெள்ளைத்தூளைப் போட்டால் அது சிவப்புக் குழம்பில் கரைந்து, அடியில் அலுமினியம் தேங்கும். தூள் குறைந்துவிட்டால் மின்சாரம் முரண்டு பிடிக்கும். அப்போது பானையின் தலைமாட்டில் கட்டியிருக்கும் ஒரு மின்குமிழ் எரியும். "பானைக்குப் பசி வந்திட்டுது" என்பார் அபூதாஹிர். அந்த விளக்கு எரிய விட்டுவிட்டால் பானை கண்டபடி சூடேறித் தன் சுவரையே தின்றுவிடும். குழம்பு வெளியே பாயும். பிறகு பானை செத்ததுதான்.

அபூதாஹிர் குறிஞ்சாக்கேணிக்காரர், தூள்மூட்டை தூக்குகிறவர். தினமும் காலையில் இரண்டு பாதை ஏறி வருவார். பாதை என்பது கயிற்றை இழுத்து அக்கரைப்படுத்தும் மிதவை. முதலில் குறிஞ்சாக்கேணிப் பாதை, பிறகு கிண்ணியாப் பாதை, அதற்குப் பிறகு பஸ். நான்கு வருடமாக நாட்கூலி. அவர்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் குடிபோவான். "வீடு ஸுல்பிகாட. கட்டில் அவட வாப்பாட. நான் தொப்பியோட போனவன் ஐயா," என்று மனைவி வீட்டைச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மச்சான்மார் இரண்டு பேரும் சாப்பாட்டு நேரம் பார்த்து, "என்ன மச்சான், நிரந்தரமாக்கிட்டாங்களா?" என்று விசாரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார். நிரந்தர நியமனத்துக்குப் பதினொரு பேரின் பட்டியல் தயாராகியிருந்தது. பதினோராவது பெயர் அவருடையது.

ஒருநாள் விளக்கு எரிந்துவிட்டது. அந்த நேரத்தில் பச்சை மரக்கம்பு ஒன்றைக் குழம்புக்குள் குத்த வேண்டுமாம். பச்சைமரம் கொதித்துக் குமிழி விட, குழம்பு கலங்கி, மின்சாரம் வழிக்கு வரும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம். ஒப்பந்தத்தின்படி அந்தக் கம்புகள் பேர்ச் என்ற மரத்தில் ஆனவை. நாற்பது கம்புகள் வெளிநாட்டிலிருந்து வந்து ஐந்து மாதமாகச் சுங்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஹென்றிக் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, "மரம்! மரம்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அபூதாஹிருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முகம் தெரியும். வெளியே ஓடிப்போய் வேலியில் நின்ற பூவரசில் மணிக்கட்டுப் பருமனான கொப்பொன்றை முறித்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஹென்றிக் குத்தினார். பானை உறுமியது, புகை கிளம்பியது, விளக்கு அணைந்தது. இரண்டாம்முறை எரிந்தபோது கம்பை அபூதாஹிரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மூன்றாவது தடவையும் விழா பிற்போடப்பட்டதில் ஹென்றிக்கின் விசா முடிந்துபோயிற்று. போகும்போது அவர் கைகுலுக்கியது அபூதாஹிருக்கு மட்டும். அதைப் பாக்கியரத்தினம் கவனித்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பொது முகாமையாளர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு மறுபடி எரிந்தது. பட்டியலில் பெயருள்ள ஐந்து பேரில் மூன்று பேர் அங்கே நின்றார்கள். மூன்று பேரும் விளக்கைப் பார்த்தார்கள். "நல்ல வெளிச்சம்," என்றார் ஒருவர். அதற்குள் அபூதாஹிர் கம்போடு ஓடிவந்து, குத்தி, கிண்டி, தூளும் கொட்டி அணைத்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது இராசதுரை அவர்களின் முகம் வெளிறியிருந்தது.

மறுநாள் விசாரணை. பெரிய மேசைக்குப் பின்னால் இராசதுரை, பாக்கியரத்தினம், கொழும்பிலிருந்து வந்த சட்ட அலுவலர் ஒருவர். முன்னால் அபூதாஹிர். கதிரை கொடுத்திருந்தார்கள், அவர் இருக்கவில்லை. ஓரத்தில் நானும் என் தட்டெழுத்துப் பொறியும்.

"நேற்று நீர் செய்தது என்ன?" என்றார் பாக்கியரத்தினம்.

"கம்பை விட்டனான் சேர்."

"ஏன் விட்டனீர்?"

"விடாட்டிப் பானை போயிரும் சேர்."

மேசைக்குப் பின்னால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குறிச்சுக்கொள்ளும் சிவகுரு," என்றார் இராசதுரை. "போயிரும் எண்டது இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

விஷயம் எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அபூதாஹிருக்கு இன்னும் விளங்கவில்லை. பாராட்டப் போகிறார்கள் என்ற நினைப்பில் சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

இராசதுரை எழுந்து நின்று பேசினார். அவர் பேசியதை அப்படியே டைப் அடித்தேன். "இந்தத் தொழில்நுட்பம் எங்களிடம் இன்னும் இல்லை. எனக்கே தெரியாது. பாக்கியரத்தினத்துக்கும் தெரியாது. இந்தத் தாபனத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று கம்பனிக்கு மாதாமாதம் கடிதம் எழுதி உறுதிப்படுத்தி வருகிறோம். இரண்டு வருடமாகக் கட்டிக்காத்த அந்த நிலையை ஒரு மூட்டை தூக்குகிற ஆள் வந்து ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டார். கம்பனிக்குத் தெரியவந்தால் உரிமம் ரத்து. உரிமம் போனால் தாபனம் இல்லை. தாபனம் இல்லாவிட்டால் அலுமினியத்தை யார் தயாரிப்பது?"

"இப்பயும் தயாரிக்கிறம்தானே சேர்," என்றார் அபூதாஹிர்.

"வாயை மூடும்!" என்றார் பாக்கியரத்தினம்.

சட்ட அலுவலர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் அவர் பேசியது ஒருமுறைதான். "வேலையை விட்டு நிப்பாட்டலாம். ஆனா நிப்பாட்டினா அறிவையும் கொண்டெல்லோ போயிருவார். அது இன்னும் மோசம். முதல்ல அதைத் திருப்பி வாங்க வேணும்."

அப்படித்தான் அந்த முடிவு வந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்று அபூதாஹிர் எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையாகவே தெரியாதா என்று விசாரணைச் சபை பரீட்சிக்க வேண்டும். தேறினால் நியமனம். தேறாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும்.

அன்றைக்கு வெளியில் வந்து என்னிடம் கேட்டார்: "ஐயா, தெரிஞ்சத எப்பிடித் தெரியாமலாக்கிற?"

"கையை மட்டும் அசைக்காதேங்கோ தம்பி," என்றேன்.

பரீட்சை வெள்ளிக்கிழமைக் காலையில். மேசைமேல் பற்றறியில் பூட்டிய மின்குமிழ். அதன் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அப்போதுதான் முறித்த பூவரசங்கம்பு, இலையோடு. விளக்கை எரியவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பது. கை கம்புப்பக்கம் போனால் அறிவு எஞ்சியிருக்கிறது. பாக்கியரத்தினம் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். விளக்கு எரிந்தது.

அபூதாஹிர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நிமிடத்தில் நெற்றி நனைந்தது. ஐந்தாம் நிமிடத்தில் வலது கையின் விரல்கள் விரியத் தொடங்கி, சாரத்தைப் பிடித்துக் கசக்கி அங்கேயே நின்றுகொண்டன. இராசதுரை முன்னுக்குச் சாய்ந்தார். எனக்கு எழுந்து அந்த விளக்கை ஊதி அணைக்க வேண்டும்போல் இருந்தது. ஏழாம் நிமிடத்தில் அபூதாஹிரின் இடது கால் மெல்ல ஒரு சாண் முன்னுக்கு வந்தது, ஓட எத்தனிக்கிறவனின் கால்போல. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் டைப் அடிக்கவில்லை. அந்தத் தாபனத்தில் நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அது.

பத்து நிமிடம் முடிந்தது. சான்றிதழை நான்தான் நான்கு பிரதிகளில் அடித்தேன். "மேற்படி ஊழியர் அலுமினியம் உருக்கும் தொழில்நுட்பம் எதனையும் அறியாதவர் என இத்தால் உறுதிப்படுத்துகிறோம். அவருடைய அறியாமை திருப்திகரமானது." மூன்று கையொப்பம், ஒரு முத்திரை. கம்பைச் சான்றுப்பொருள் என்று துண்டு ஒட்டிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். வேலியில் கம்பு முறிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் தொங்கியது.

அதற்குப் பின் பதினெட்டு நாள் விளக்கு எரியவேயில்லை. சான்றிதழின் பலன் என்று பாக்கியரத்தினம் அறிக்கை எழுதினார். உண்மையில் அபூதாஹிர் பசி வரும் முன்னமே தூளைக் கொட்டிவந்தார். மூட்டை தூக்குவது அவருடைய வேலைதானே, அது தொழில்நுட்பத்தில் சேராது.

ஒருவழியாக அமைச்சருக்கும் கிரகங்களுக்கும் பொருந்திய ஒரு நாள் கிடைத்தது. காலை பத்து நாற்பத்திரண்டு. மண்டப வாசலில் பெரிய வரவேற்பு வளைவு. அதற்குக் கால்கள் வேண்டுமென்று அலங்காரக் குழு வந்து, பலகை தொங்கிய வேலியையே அடியோடு வெட்டிவிட்டது. பூவரசங்கால்களில் தென்னோலை பின்னி, உச்சியில் அமைச்சரின் படத்தை வைத்தார்கள். பாதுகாப்பு என்று சொல்லி விடியற்காலையிலிருந்து தொழிலாளர் எவரையும் மண்டபத்துக்குள் விடவில்லை. பானைக்குக் கடைசியாகத் தூள் விழுந்தது ஐந்து மணிக்கு. அபூதாஹிர் வாசலில் பொலிஸ்காரரிடம் மூன்றுதரம் கெஞ்சியதை நான் பார்த்தேன்.

பத்து மணிக்குப் பதினொரு பேரையும் உள்ளே எடுத்து, ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நான் நியமனக் கடிதங்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் குழுவுக்கு வேறு இடமில்லாமல் பானைச் சுவரோரமாக நிற்கவைத்திருந்தார்கள். பத்து நாற்பத்திரண்டுக்கு அமைச்சர் வெற்றிலையில் வைத்து ஒப்பந்தக் கட்டை இராசதுரையிடம் நீட்டினார். இராசதுரை குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். அந்தக் கணத்தில் பானையின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது.

மண்டபமே எழுந்து கைதட்டியது. பாண்ட் முழங்கியது. அமைச்சர் விளக்கைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுச் சிங்களத்தில் பேசினார். அவர் ஒரு வசனம் பேச, பாக்கியரத்தினம் தமிழில் மூன்று வசனம் பேசினார். "இதோ, தொழில்நுட்பம் வந்துவிட்டது! மாண்புமிகு அமைச்சரின் கைபட்டதும் ஒளி பிறந்துவிட்டது! இந்த விளக்கு இனி என்றென்றும் அணையாது!"

"ஐயா," என்றார் அபூதாஹிர், உதடு அசையாமல். "பானை போகுது."

"அசையாதேங்கோ. கடிதம் குடுக்கத் தொடங்கிட்டினம்."

முதலாவது ஆள் போனான். இரண்டாவது. அமைச்சர் ஒவ்வொருவரிடமும் ஊர் விசாரித்தார். பானை முனகத் தொடங்கியது. நாலாவது ஆள் சம்பூர் என்றான். அமைச்சருக்குச் சம்பூரில் ஒரு கதை இருந்தது. அதை முழுக்கச் சொன்னார், பாக்கியரத்தினம் அதைவிட முழுக்க மொழிபெயர்த்தார். எட்டாவது ஆள் போகும்போது, பிள்ளைகள் நின்ற பக்கத்தில் சுவரில் ஒரு இடம் உள்ளங்கை அளவில் சிவந்துவிட்டது. மேளம் வைத்திருந்த பிள்ளை சூட்டுக்கு முதுகை நெளித்தாள். இராசதுரையும் அந்தச் சிவப்பைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

"அந்தப் பிள்ளையள் ஐயா."

"இன்னும் ரெண்டு பேர்தான் தம்பி. பிறகு நீங்க. ஸுல்பிகாவை நினையுங்கோ."

நான் அப்படித்தான் சொன்னேன். எனக்கு இன்றைக்கும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பத்தாவது ஆள் கடிதத்தை வாங்கிக் கும்பிட்டான். "அபூதாஹிர், குறிஞ்சாக்கேணி," என்று பாக்கியரத்தினம் கூப்பிட்டார். அமைச்சர் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு ஆள் வரவில்லை. அபூதாஹிர் எதிர்ப்பக்கமாக வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரவேற்பு வளைவின் இடதுகாலைக் கட்டிப்பிடித்து உலுப்பினார். அன்று காலையில் நட்ட பச்சைக் கால், உடனே கையோடு வந்துவிட்டது. ஓலை, பூ, கடதாசிக்கொடி, படம் எல்லாம் சரிந்து விழுந்தன. "பிள்ளையள், ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு வந்து அந்தக் காலைப் பானைக்குள் குத்தினார். பானை சீறியது. புகை முன்வரிசையை மூடியது. கிண்டினார், தூளைக் கொட்டினார், மறுபடி குத்தினார். விளக்கு இரண்டுமுறை துடித்து அணைந்தது. சுவரின் சிவப்பு மெல்ல மங்கியது.

அபூதாஹிர் கம்பில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு அமைச்சர் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பாக்கியரத்தினம் மொழிபெயர்த்தார்.

"விளக்கை அணைச்சது ஆர்?"

குற்றப்பத்திரம் அன்று மாலையே தயாராயிற்று. நான்தான் அடித்தேன். ஒன்று, வரவேற்பு வளைவைச் சேதப்படுத்தியமை. இரண்டு, மாண்புமிகு அமைச்சர் ஏற்றிய விளக்கை அணைத்தமை. தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியமை என்ற மூன்றாவது குற்றத்தைச் சட்ட அலுவலர் வெட்டிவிட்டார். அந்த ஆளுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நாங்களே சான்றிதழ் கொடுத்திருக்கிறோமே. ஆகவே பானையைக் காப்பாற்றியது யாரும் செய்யாத காரியமாகக் கோப்பில் பதிவாயிற்று. வேலை போய்விட்டது.

அமைச்சரின் வாக்குப் பொய்க்கக் கூடாது என்று இராசதுரை மின்குமிழின் கம்பியைப் பானையிலிருந்து கழற்றி, சுவரில் இருந்த மின்சாரத்தோடு பூட்டச் சொன்னார். அதன்பின் அது இரவுபகலாக எரிந்தது. மண்டபத்துக்குள் பட்டியலில் பெயருள்ளவர்கள் மட்டுமே போகலாம் என்று ஆயிற்று. ஐந்து பேரும் முறைவைத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்து, விளக்கு எரிவதைக் குறித்துக்கொண்டு திரும்பினார்கள். ஒருநாள் உள்ளே ஏதோ வெடித்துப் பாய்ந்த சத்தம் கேட்டது. நிகழ்ச்சிநிரலில் இல்லாதபடியால் யாரும் குறிக்கவில்லை. அந்த மாத அறிக்கையில் பாக்கியரத்தினம் ஒரு வசனம் சேர்த்தார்: "மண்டபம் முன்புபோல் சூடாக இல்லை. வேலைச்சூழல் மிகவும் மேம்பட்டுள்ளது."

அமைச்சர் கையொப்பமிட்ட பதினோராவது கடிதம் என் தட்டிலேயே மிஞ்சியிருந்தது. திருப்பிக் கேட்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பயன் இல்லை என்று தெரியும். மச்சான்மாருக்குக் காட்டவாவது உதவட்டும் என்று நினைத்தேன்.

தேடத் தேவையிருக்கவில்லை. கிண்ணியாப் பாதையில் கயிறு இழுத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். கடிதத்தை நீட்டினேன். கயிற்றை விட ஏலாது என்று கண்ணால் காட்டினார். நடுத்தண்ணீரில் பாதை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விளக்கு எரியுதா ஐயா?"

"ஓம் தம்பி. இரவுபகலா எரியுது. கவலைப்படாதேங்கோ, மண்டபமும் இப்ப நல்ல குளிர்ச்சி எண்டு சொல்லுகினம்."

"குளிர்ச்சியோ?"

அவருடைய கை கயிற்றில் நின்றுவிட்டது. பாதையும் நின்றது. "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றார். சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது.

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஆரு காக்கா மௌத்து?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எங்கட பானை," என்றார் அபூதாஹிர். கண்ணைத் தோளில் துடைத்துவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தார்.

எங்கட. தாபனத்தைப்பற்றி ஆயிரக்கணக்கான பக்கம் டைப் அடித்திருக்கிறேன். அந்தச் சொல் ஒரு பக்கத்திலும் வந்ததில்லை.